எந்த அறைக்கு அருகில் எந்த அறை? புதிய வீட்டின் தளவரைபடம்: தொடக்க நிலையினருக்கான விளக்கம்

புதிதாக வீடு கட்ட நினைக்கும் குடும்பத்தில் முதலில் எழும் பேச்சு பெரும்பாலும் எண்ணிக்கையைப் பற்றியதாகவே இருக்கிறது. படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை, கூடம் எத்தனை அடி, மாடி இப்போதா அல்லது பிறகா என்று கணக்குப் போட்டு, அந்தப் பட்டியலைப் பொறியாளரிடம் கொடுத்துவிடுகிறோம். சில நாட்களில் வரைபடம் வந்துவிடும். கேட்டவை எல்லாம் அதில் இருக்கும். ஆனால் குடிபோன பிறகுதான், துவைத்த துணியைத் தூக்கிக்கொண்டு விருந்தினர் அமர்ந்திருக்கும் கூடத்தின் நடுவே மாடிக்குப் போக வேண்டியிருப்பதும், பாட்டியின் அறையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் இரண்டு படிகள் இருப்பதும், மாலையில் எந்த அறையில் படுக்க வேண்டுமோ அந்த அறையே வீட்டில் மிகுந்த வெப்பத்துடன் இருப்பதும் தெரியவரும். அறைகளின் பட்டியலில் இந்தக் குறைகள் எதுவும் தென்படுவதில்லை. ஏனெனில் இவை தனித்தனி அறைகளைப் பற்றியவை அல்ல. எந்த அறைக்கு அருகில் எந்த அறை இருக்கிறது, ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு எப்படிப் போகிறோம், எந்த அறை எந்தத் திசையின் வெயிலை வாங்குகிறது என்பவற்றைப் பற்றியவை. தளவரைபடம் தீர்மானிக்க வேண்டியவை இவைதான். அளவுகள் அதற்குப் பிறகு வர வேண்டியவை.

தளவரைபடம் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கட்டி முடித்த வீட்டைத் தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில் கிடையாக வெட்டி, மேற்பகுதியை எடுத்துவிட்டு, எஞ்சியதை நேர் மேலிருந்து பார்த்தால் தெரியும் உருவமே தளவரைபடம். வெட்டுப்பட்ட சுவர்கள் தடித்த இரட்டைக் கோடுகளாகவும், அந்த உயரத்தில் குறுக்கிடும் ஜன்னல்கள் மெல்லிய கோடுகளாகவும், கதவுகள் திறக்கும் திசையைக் காட்டும் கால்வட்டங்களோடும் அதில் காட்டப்படும். படிக்கட்டில் உள்ள அம்புக்குறி ஏறும் திசையைக் காட்டும். அந்தக் கால்வட்டங்களைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கதவு எந்தப் பக்கம் திறந்து எந்தச் சுவரை மறைக்கிறது என்பதை அவைதான் சொல்கின்றன. வரைபடத்தின் ஓரத்தில் வடக்குத் திசைக் குறி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம், ஏனெனில் திசை தெரியாத வரைபடத்தைக் கொண்டு வெயிலையும் காற்றையும் பற்றி எதுவும் பேச முடியாது.

வரையத் தொடங்கும்போது அளவுகோலை எடுக்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் வெறும் வட்டங்களைப் போடுங்கள். வாசல் ஒரு வட்டம், கூடம் ஒரு வட்டம், சமையலறை, சாப்பிடும் இடம், பாத்திரம் கழுவும் இடம், பூசையறை, பெரியவர்களின் அறை, தம்பதியரின் அறை, பிள்ளைகளின் அறை, கழிப்பறைகள், படிக்கட்டு, துணி உலர்த்தும் இடம், வண்டி நிறுத்தும் இடம் என்று ஒவ்வொன்றும் ஒரு வட்டம். அடிக்கடி போய்வர வேண்டிய இரண்டு வட்டங்களைத் தடித்த கோட்டாலும், எப்போதாவது போகும் இரண்டை மெல்லிய கோட்டாலும் இணையுங்கள். விலகியிருக்க வேண்டியவற்றுக்கு இடையே, கழிப்பறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் போடுவதுபோல், ஒரு குறுக்குக்கோடு போடுங்கள். இதைக் குமிழ்ப்படம் என்று கட்டடக் கலைஞர்கள் சொல்வார்கள். தடித்த கோடுகள் எல்லாம் குட்டையாகும் வரை வட்டங்களை இடம் மாற்றி வரைந்துகொண்டே போனால், வீட்டின் எலும்புக்கூடு தானாகத் துலங்கும்.

தடித்த கோடு எது என்று தெரிய, குடும்பத்தின் ஒருநாளைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர வேண்டும். விடியற்காலையில் முதலில் எழுபவர் யார், அவர் வாசல் தெளிக்க எந்த வழியாகப் போகிறார், மோட்டார் சுவிட்சு எங்கே இருந்தால் அவருக்கு வசதி, பால் வாங்கிய பிறகு எங்கே செல்கிறார், மாவு அரைக்கும்போது கிரைண்டரின் ஓசை யாருடைய உறக்கத்தைக் கலைக்கும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பையை எங்கே போடுகிறார்கள், இரவில் பெரியவர் எத்தனை முறை கழிப்பறைக்கு எழுகிறார் என்று ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள். சமைப்பவருக்கு ஒரு வண்ணம், முதியவருக்கு ஒரு வண்ணம், விருந்தினருக்கு ஒரு வண்ணம் என்று வண்ணப் பென்சில்களால் நடைவழிகளை வரைந்தால், மூன்றும் எங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன என்பது உடனே தெரியும். இந்தப் பயிற்சியை வீட்டில் சமைப்பவரும் துவைப்பவரும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வரைபடத்தைப் பற்றிய பேச்சு பல வீடுகளில் பணம் தருபவருக்கும் பொறியாளருக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது; வீட்டுக்குள் மிக அதிகம் நடக்கப்போகிறவரை யாரும் கேட்பதில்லை.

சேலத்தில் இந்தக் குமிழ்ப்படத்தில் இன்னொரு வட்டமும் பல வீடுகளுக்குத் தேவைப்படும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பள்ளப்பட்டி பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையும், அம்மாப்பேட்டை, குகை பக்கம் தறியும் வீட்டோடு சேர்ந்தே இருப்பது வழக்கம். பட்டறைக்கு வருபவர்களின் வழியும் குடும்பத்தின் வழியும் வாசலிலேயே பிரிந்துவிடும்படி, தெருவை ஒட்டித் தனி நுழைவாயிலோடு பட்டறையை அமைக்க வேண்டும். பற்றவைக்கும் வேலையில் எழும் புகை வெளியேற நேரடியாக வெளிச்சுவரில் திறப்பு வேண்டும். தறி ஓடும் அறையும் படுக்கையறையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. நடுவில் பண்ட அறையோ படிக்கட்டோ வந்தால் ஓசை பெருமளவு தணியும்.

அடுத்து வருவது கூடம். கொங்கு நாட்டின் பழைய தொட்டிக்கட்டு வீட்டில் நடுவே திறந்த முற்றமும், அதைச் சுற்றித் தாழ்வாரமும், தாழ்வாரத்தை ஒட்டி அறைகளும் இருக்கும். எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனாலும் தாழ்வாரம் வழியாகவே போவார்கள். எந்த அறையும் வழியாக மாறவில்லை. மனைகள் சிறுத்துத் தாழ்வாரம் மறைந்தபோது, அதன் வேலை முழுவதும் கூடத்தின் தலையில் விழுந்தது. இன்றைய வீடுகளில் கூடம் உட்காரும் இடமாகவும் வீட்டின் முச்சந்தியாகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. பதினோரு அடிக்குப் பதினாறடி கூடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நான்கு சுவர்களின் மொத்த நீளம் 54 அடி. தலைவாசல், சமையலறை, இரண்டு படுக்கையறைகள், பொதுக் கழிப்பறை என்று ஐந்து வாயில்கள் அதில் திறந்தால், நிலையோடு சேர்த்து வாயிலுக்கு மூன்றரை அடி வீதம் பதினேழரை அடிச் சுவர் போய்விடுகிறது. சுவர் போவதைவிடப் பெரிய இழப்பு, அந்த ஐந்து வாயில்களும் வெவ்வேறு மூலைகளில் இருந்தால் கூடத்தின் குறுக்கே மூலைக்கு மூலை நடைவழி ஓடுவதுதான். சோஃபா போட இடம் இருந்தும், தொலைக்காட்சிக்கும் சோஃபாவுக்கும் நடுவில் எப்போதும் யாராவது நடந்துகொண்டிருப்பார்கள்.

இதற்கான தீர்வுக்கு அதிக இடம் தேவையில்லை. மூன்றரை அடி அகலமும் ஐந்தடி நீளமும் உள்ள ஒரு சிறு நடையைக் கூடத்தின் ஒரு மூலையில் ஒதுக்கி, இரண்டு படுக்கையறைகளின் கதவுகளையும் கழிப்பறைக் கதவையும் அந்த நடைக்குள் திருப்பிவிடலாம். பதினெட்டுச் சதுரடிக்கும் குறைவான இடம்தான் இதற்குச் செலவாகிறது. கூடத்தில் மூன்று வாயில்கள் மட்டுமே எஞ்சுவதால், நடைவழி ஒரு பக்கச் சுவரோரமாக ஒதுங்கி, எதிர்ச்சுவர் முழுவதும் உட்காருவதற்குக் கிடைக்கிறது. கழிப்பறைக் கதவு சாப்பிடுபவரின் கண்ணுக்கு நேராக இருப்பதும் இதனால் தவிர்க்கப்படுகிறது. நடைக்கு இடம் விடுவதை வீணென்று எண்ணிச் சதுரடி மிச்சம் பிடிக்கும் வரைபடங்கள், உண்மையில் கூடத்தையே நடையாக மாற்றிவிடுகின்றன.

வட்டங்கள் இடம்பிடித்த பிறகு அளவுகளுக்கு வரலாம். சதுரமிட்ட தாளில் ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்துக்கொண்டு வரைவது எளிது. கிழக்கே தெரு உள்ள, 30 அடி அகலமும் 50 அடி ஆழமும் கொண்ட 1,500 சதுரடி மனை, அதாவது சுமார் மூன்றரை சென்ட், என்று எடுத்துக்கொள்வோம். முன்னால் ஒன்பதடி, பின்னால் நான்கடி, இருபுறமும் மூன்றரை அடி வீதம் விட்டால், 23 அடிக்கு 37 அடி, அதாவது 851 சதுரடி கட்டடம் வரும். வெளிச்சுவர்கள் ஒன்பது அங்குலம் தடித்தவை என்பதால் உள்ளே கிடைப்பது இருபத்தொன்றரை அடிக்கு முப்பத்தைந்தரை அடி, அதாவது 763 சதுரடி. வெளிச்சுவர்கள் மட்டும் 88 சதுரடியை எடுத்துக்கொண்டுவிட்டன. உள்ளே நான்கரை அங்குலச் சுவர்கள் 65 அடி ஓடினால் இன்னும் 24 சதுரடி போகும். ஆக, ஒரு நல்ல படுக்கையறைக்கு நிகரான இடம் சுவர்களுக்குள் இருக்கிறது. தாளில் சுவர்களை ஒற்றைக் கோடுகளாக வரைந்து அறைகளை அடுக்கியவர்களுக்கு, கட்டடம் எழும்பும்போது அறைகள் சுருங்கிவிட்டதாகத் தோன்றுவது இதனால்தான். தொடக்கத்திலேயே சுவர்களை இரட்டைக் கோடுகளாக வரைந்துவிடுங்கள்.

அறையின் அளவை அதில் வைக்கப்போகும் பொருளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஆறடி அகலக் கட்டிலைப் பத்தடி அறையில் நடுவில் போட்டால் இருபுறமும் இரண்டடிதான் மிஞ்சும். இரண்டடி ஆழமுள்ள பீரோவை ஒரு பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் நிற்கவே இடமில்லை. கட்டிலை ஒரு பக்கம் தள்ளுவதா, பீரோவைக் கால்மாட்டுச் சுவருக்குக் கொண்டுபோவதா என்பதை வரைபடத்திலேயே தீர்மானித்தால்தான் கதவும் ஜன்னலும் சரியான இடத்தில் விழும். கதவைச் சுவரின் நடுவில் வைக்காமல் மூலைக்கு நெருக்கமாக வைப்பது பொதுவாக நல்லது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வாழும் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 102 சதுரடி, என்றும், கழிப்பறையும் குளியலறையும் சேர்ந்திருந்தால் குறைந்தது 2.8 சதுர மீட்டர், அதாவது நான்கடிக்கு ஏழரை அடி, என்றும் சொல்கிறது. இவை எல்லைக்கோடுகள் மட்டுமே, வசதியான அளவுகள் அல்ல. முதியவர் பயன்படுத்தும் கழிப்பறைக்கு மூன்றடிக் கதவு வைத்து, அது வெளிப்பக்கம் திறக்கும்படி அமைக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது.

சமையலறையில் மேடை இரண்டடி ஆழம், நிற்கவும் குனியவும் நான்கடி; இருபுறமும் மேடை வேண்டுமென்றால் எட்டடி அகலம் தேவை. அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்சாதனப் பெட்டி மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் பக்கங்கள் சேர்ந்து 12 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மிகாமலும் இருக்கட்டும். நம் வீடுகளில் பெரிய பாத்திரங்களைக் கழுவவும் மீனோ கீரையோ ஆயவும் தண்ணீர் கொட்டிக் கழுவக்கூடிய ஒரு புழங்குமிடம் சமையலறையின் பின்கதவை ஒட்டி இல்லையென்றால், எவ்வளவு அழகான சமையலறையும் சில மாதங்களில் திணறத் தொடங்கிவிடும்.

படிக்கட்டைக் கடைசியில் மிஞ்சும் இடத்தில் செருகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது முடியாத காரியம் என்பதைக் கணக்கே காட்டும். தளத்திலிருந்து மேல்தளம் பத்தரை அடி, அதாவது 126 அங்குலம். ஒரு படி ஏழு அங்குல உயரம் என்றால் 18 ஏற்றங்கள் வரும். பாதியில் திரும்பும் படிக்கட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்பது ஏற்றங்களும் எட்டு மிதிகளும் இருக்கும். மிதி பத்து அங்குலம் என்றால் நீளம் ஆறடி எட்டு அங்குலம், திரும்புமிடம் மூன்றடி, ஆக ஒன்பதடி எட்டு அங்குலம். அகலம் மூன்றும் மூன்றும், நடுவில் சிறு இடைவெளியும் சேர்த்து ஆறரை அடி. ஏறத் தொடங்கும் இடத்தில் நிற்க இன்னும் மூன்றடி. இவ்வளவு இடம் முதல் நாளிலேயே ஒதுக்கப்பட வேண்டும். திரும்புமிடத்துக்குக் கீழே தரையிலிருந்து மேல்மட்டமே ஐந்தடி மூன்று அங்குலம்தான். கான்கிரீட்டின் தடிமனைக் கழித்தால் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. அங்கே கழிப்பறை அமைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, இன்வெர்ட்டருக்கும் சாமான்களுக்கும் அதை விட்டுவிடலாம். மாடியைப் பிற்காலத்தில் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் படிக்கட்டு வெளியிலிருந்து ஏற வேண்டும். மகனோ மகளோ குடும்பத்தோடு இருக்கப்போகும் மாடி என்றால் உள்ளிருந்து ஏறுவதே நல்லது. வாசலுக்குள் நுழைந்ததும், கூடத்துக்குள் போகாமலே எட்டக்கூடிய இடத்தில் படிக்கட்டு இருந்தால், ஒரு கதவைக் கூட்டியோ நீக்கியோ இரண்டுக்கும் பயன்படுத்தலாம்.

வெயிலும் காற்றும்

சேலத்து வீட்டு வரைபடத்தில் என் மனம் அதிகம் தங்குவது இந்த இடத்தில்தான். வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும் சூழ, கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவிலான உயரத்தில் கிடக்கும் ஊர் இது. ஏறத்தாழ 11.65 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சூரியன் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் நண்பகலில் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், அக்னி நட்சத்திர நாட்கள் உட்பட, நண்பகல் சூரியன் நமக்குச் சற்றே வடக்கில் இருக்கிறது. டிசம்பர் பிற்பகுதியில் அது தெற்கே சாய்ந்து, நண்பகலில் 55 பாகை உயரத்தில் நிற்கிறது.

இதிலிருந்து சன்ஷேடின் பயனைக் கணக்கிடலாம். தெற்கு ஜன்னலுக்கு மேல் இரண்டடி நீட்டிய சன்ஷேடு, டிசம்பர் நண்பகலில்கூட இரண்டடி பத்து அங்குலம் வரை நிழல் தரும். நான்கடி உயர ஜன்னலில் அடிப்பகுதி மட்டும் இளவெயில் வாங்கும். வடக்கு ஜன்னலுக்கு ஜூன் நண்பகலில் அதே சன்ஷேடு முழு நிழலையும் தரும். ஆனால் மேற்கு ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் பிற்பகுதியில் மாலை நான்கரை மணிக்குச் சூரியன் 28 பாகை உயரத்தில் நேர் மேற்கில் நிற்கும்போது, அதே இரண்டடி சன்ஷேடு ஓர் அடியைச் சற்றே தாண்டித்தான் நிழல் தருகிறது. எஞ்சிய மூன்றடி ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் நேராக நுழைகிறது. நான்கு பக்கமும் ஒரே அளவில் சன்ஷேடு போடும் வழக்கம் மேற்கில் ஏறக்குறையப் பயனற்றது. அங்கே வேண்டியது செங்குத்தான மறைப்பும், குறுகிய ஜன்னலும், மரமும்.

மேற்குச் சுவருக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெளியில் வாங்கும் வெப்பத்தை உடனே உள்ளே விடுவதில்லை. அது சுவரைக் கடந்துவர ஆறேழு மணி நேரம் ஆகிறது. பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குச் சுவர் குடித்த வெப்பம், நாம் படுக்கும் நேரத்துக்கு அறைக்குள் இறங்குகிறது. மேலே எடுத்துக்கொண்ட கிழக்கு வாசல் மனையில், வழக்கப்படி கூடம் முன்னாலும் படுக்கையறைகள் பின்னாலும் வந்தால், வீட்டின் 23 அடி மேற்குச் சுவர் முழுவதும் படுக்கையறைகளின் சுவராகிவிடுகிறது. மேற்கு ஓரத்தில் குளியலறை, படிக்கட்டு, பண்ட அறை, புழங்குமிடம் போன்ற, நாம் நெடுநேரம் தங்காத இடங்களை ஒரு பட்டையாக அமைத்தால், அவை வெப்பத்தைத் தாங்கிக்கொண்டு உள்ளே இருக்கும் அறைகளைக் காக்கும். குளியலறைகளுக்கு வெயில் நல்லதும்கூட, ஈரம் காய்ந்துபோகும். பட்டை அமைக்க இடமில்லாத அறையில், மேற்குச் சுவர் முழுவதும் தரையிலிருந்து கூரை வரை அலமாரி அடிப்பது அடுத்த நல்ல வழி.

காற்றின் திசை இங்கே ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது; வெயிலுக்காக மேற்கை முற்றிலும் அடைத்துவிட்டால் அந்தக் காற்றையும் இழந்துவிடுவோம். தெற்குச் சுவரில் பெரிய ஜன்னலும், மேற்கில் இரவில் திறந்துவைக்கக்கூடிய சிறிய, உயரமான திறப்பும் வைப்பது நடுவழி. காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது, வெளியே போகவும் வேறொரு சுவரில் வழி வேண்டும். ஒரே ஒரு சுவரில் மட்டும் ஜன்னல் உள்ள அறையில், அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், காற்று ஓடாது. அறையின் தரைப்பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு ஜன்னல் என்ற கணக்குப்படி 120 சதுரடி அறைக்கு 12 சதுரடி வேண்டும். அதை ஒரே ஜன்னலாக வைக்காமல் இரண்டு சுவர்களில் பிரித்து வைப்பதே மேல். மலைகள் காற்றைத் திருப்பிவிடும் ஊர் என்பதால், வரைபடத்துக்கு முன்பு, மாலை வேளைகளில் மனையில் சென்று நின்று காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நேரில் அறிவது நல்லது.

வாஸ்துவையும் மனையடி சாஸ்திரத்தையும் பெரும்பாலான குடும்பங்கள் பார்க்கின்றன. அதை வரைபடத்துக்கு இடையூறாகக் கருத வேண்டியதில்லை. அக்னி மூலையான தென்கிழக்கில் சமையலறை, ஈசானியமான வடகிழக்கில் பூசையும் நீர்த்தொட்டியும் என்பவை மேலே சொன்ன கணக்குகளோடு மோதுவதில்லை. ஈசானியத்தைத் திறந்து விடும் வழக்கத்தையே பயன்படுத்தி, நம் எடுத்துக்காட்டு மனையின் வடகிழக்கு மூலையில் கட்டடத்தைப் பத்தடி அகலத்துக்கு ஏழடி உள்வாங்கினால், முன்னுள்ள ஒன்பதடியோடு சேர்ந்து பதினாறடி நீளம் கிடைக்கும். ஒரு சிறிய காரை நிறுத்த அது போதும். மோதல் வருவது கன்னிமூலையில்தான். தென்மேற்கில் குடும்பத் தலைவரின் படுக்கையறை என்பது வழக்கம். அந்த மூலையோ மாலை வெயிலை முழுவதும் வாங்குவது. அறையை அங்கேயே வைத்துக்கொண்டு, மேற்குச் சுவரை அலமாரியால் மூடி, ஜன்னலைத் தெற்குக்குத் திருப்பி, பின்னால் விட்ட நான்கடியில் இடத்துக்கேற்ப ஒரு மரமோ கொடிப்பந்தலோ வைத்தால் இரண்டு தரப்பும் நிறைவு பெறும். அறைகளின் உள்ளளவை 10, 11, 16 அடிகளில் வைக்க விரும்புபவர்கள் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடைக்கால் எடுத்த பிறகு சொன்னால் சுவர்களை நகர்த்த வேண்டியிருக்கும்.

தண்ணீரும் வரைபடத்தில் இடம் கேட்கிறது. மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர் சேலத்தின் பல பகுதிகளில் அன்றாடம் வருவதில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நடைமுறைக் கணக்குப்படி ஆறு பேருக்கு 810 லிட்டர். ஐந்து நாட்களுக்கு 4,050 லிட்டர். ஆறடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி நீர்மட்டம் உள்ள நிலத்தடித் தொட்டியில் சுமார் 4,250 லிட்டர் பிடிக்கும். தொட்டிக்கும் போர்வெல்லுக்கும் எதிர்க்கோடியில், அவற்றிலிருந்து இயன்றவரை தள்ளி, செப்டிக் டேங்க் வர வேண்டும். குளியலறைகளையும் சமையலறையின் புழங்குமிடத்தையும் ஒரே பக்கமாக அமைத்து, மாடிக் குளியலறையைக் கீழ்த்தளத்துக் குளியலறையின் நேர் மேலே வைத்தால் குழாய்கள் குறையும், கசிவும் குறையும். படுக்கையறையின் மேல் மாடிக் கழிப்பறை வரும் வரைபடத்தை ஏற்கவே வேண்டாம். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால், கூரை நீர் இறங்கும் குழாயும் உறிஞ்சுகுழியும் வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும்.

சட்டப்படி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது தெருவின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து மாறும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதை வரையறுக்கின்றன. 2024 ஜூலை முதல், 2,500 சதுரடி வரையுள்ள மனையில் 3,500 சதுரடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி பெறும் வசதி வந்துள்ளது. அனுமதி எளிதாகியிருக்கிறது என்பதற்காக விதிகளைப் படிக்காமல் விடக் கூடாது. சான்றளிப்பவர் நீங்கள் என்பதால் பொறுப்பும் உங்களுடையதே.

மலையில் கட்டுவோருக்கு

சேலத்திலிருந்து இருபது கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குப் போனால், மேலே சொன்னவற்றில் பாதி தலைகீழாகிவிடும். சூரியனின் பாதை ஒன்றுதான். ஆனால் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சேலத்தைவிடப் பொதுவாக எட்டுப் பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே வெயிலை வரவேற்க வேண்டும். படுக்கையறையும் முதியவர் அமரும் இடமும் கிழக்கும் தெற்கும் பார்த்திருந்தால் காலை வெயிலும் மார்கழி வெயிலும் உள்ளே வரும். மூடுபனியும் சாரலும் ஈரத்தைக் கொண்டுவருவதால், துணி உலர்த்தக் கூரையுள்ள ஓர் இடம் வீட்டின் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

சரிவுதான் அங்கே வரைபடத்தின் முதல் ஆசிரியர். ஐந்தடிக்கு ஓர் அடி உயரும் சரிவில், சரிவை நோக்கி முப்பதடி ஆழமுள்ள வீட்டைக் கட்டினால் முன்னுக்கும் பின்னுக்கும் ஆறடி வேறுபாடு வரும். அவ்வளவும் வெட்டியோ நிரப்பியோ சமன்செய்ய வேண்டும். அதே வீட்டை இருபதடி ஆழமாகக் குறைத்து, சரிவுக்குக் குறுக்காக நீளவாக்கில் கிடத்தினால் வேறுபாடு நான்கடிதான். அந்த நான்கடியையும் இரண்டு மட்டங்களாகப் பிரித்து, நடுவில் சில படிகள் வைத்து ஏற்றுக்கொள்ளலாம். அப்போது முதியவரின் அறை, கழிப்பறை, சாப்பிடும் இடம் மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி மட்டுமே கவனிக்க வேண்டும். வெட்டிய மண்சுவரை வீட்டின் சுவராகவே பயன்படுத்தும் ஆசை வரக்கூடும். அதைத் தவிர்த்து, தடுப்புச்சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே ஆள் நடக்கும் அளவு இடைவெளி விட்டு அதில் வடிகால் அமைத்தால்தான் மழைக்காலத்தில் பின்னறைகள் நனையாமல் இருக்கும். மலைப்பகுதிகளுக்கென்று தனிக் கட்டுப்பாடுகளும் அனுமதி நடைமுறையும் உள்ளதால், மலையில் நிலம் வாங்கும் முன்பே அவற்றை விசாரித்துவிட வேண்டும்.

மலையானாலும் ஊரானாலும், தாளில் முடிந்த வரைபடத்தை ஒருமுறை தரையில் முழு அளவில் போட்டுப் பார்க்க வேண்டும். மனையைச் சுத்தம் செய்து, சுவர்களைச் சுண்ணாம்புத் தூளால் கோடிட்டு, கதவு வரும் இடங்களைத் திறந்து விடுங்கள். ஒரு கட்டிலின் அளவுக்குப் பாயை விரியுங்கள். நாற்காலிகளை இருக்கும் இடத்தில் வையுங்கள். பிறகு குடும்பத்தில் உள்ள எல்லோரும், முதியவர்களும் சேர்ந்து, ஒரு நாளின் வேலைகளைச் செய்வதுபோல் அந்தக் கோடுகளுக்குள் நடந்து பார்க்கட்டும். கூரையில்லாத கோடுகள் அறைகளை உண்மையைவிடச் சிறிதாகக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் கொண்டு, அளவைப் பற்றிய பயத்தில் சுவர்களை நகர்த்தாமல், வழியைப் பற்றிய குறைகளை மட்டும் திருத்துங்கள். சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்து வேறிடத்தில் போடச் செலவில்லை. திருத்திய அளவுகளைச் சதுரத்தாளில் ஏற்றி, மரச்சாமான்களும் கதவு திறக்கும் திசைகளும் மின்விளக்குச் சுவிட்சுகளின் இடங்களும் குறித்த அந்தத் தாளைப் பொறியாளரிடம் கொடுங்கள். தூண்களும் உத்திரங்களும் எங்கே வரும் என்பதை அவர் அதன்மேல் தீர்மானிக்கட்டும்.